சிடி3 சொல்லாத செய்தி: கொழும்பில் ஐந்து மாதக் குழந்தை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

“தங்கச்சி, இந்தப் பிள்ளைக்கு டி-செல் இருக்கெண்டு ரிப்போர்ட் சொல்லுது. பிள்ளையைப் பார்த்தா இல்லாத மாதிரித்தான் கிடக்கு. ஒருக்கா வடிவாப் பாருங்கோ.”

தொலைபேசியில் பேசியவர் ஒரு மூத்த குழந்தை மருத்துவர். தன்னைவிட இளைய பெண்கள் எல்லாருமே அவருக்குத் தங்கச்சிதான். நான் கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தில் ஃப்ளோ சைட்டோமீட்டர் ஓட்டுகிறவள். நாங்கள் சுருக்கமாக ‘ஃப்ளோ’ என்போம். இரத்தத்திலுள்ள கலங்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு, அதனதன் மேற்பரப்பில் எந்தெந்தப் புரதம் இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. (தமிழ்நாட்டில் செல் என்பதை நாங்கள் பள்ளிக்கூடத்தில் கலம் என்று படித்தோம். அப்படியே எழுதுகிறேன். டாக்டர்மார் வாயில் மட்டும் அது செல்தான். டி-செல் என்பது கிருமிகளோடு சண்டை பிடிக்கும் ஒரு வகை வெண்குழியம்.)

குடும்பத்தின் அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எண்களைச் சற்று முழுமையாக்கியிருக்கிறேன்.

பிள்ளை

கொட்டாஞ்சேனைக் குடும்பம். அப்பா செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதுகிறார். மூத்தவள் நாலு வயதுப் பெண், ஒரு குறையும் இல்லை. இரண்டாவது இந்த ஆண் குழந்தை. பிறக்கும்போது 3.1 கிலோ. வீட்டுக்கு அனுப்ப முதலே இடது கையில் பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போட்டாயிற்று. இலங்கையில் பிறக்கிற பிள்ளைகளுக்கு அதுதான் வழக்கம்.

முதல் ஆறு கிழமை நன்றாக இருந்தான். அப்புறம் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைப் படலம். பால் என்று நினைத்துத் துணியால் துடைத்தார்கள், போகவில்லை. பூஞ்சைக்கு மருந்து விட்டால் குறையும், நிறுத்தினால் திரும்பும். மூன்றாம் மாதம் விடாத வயிற்றோட்டம். நாலாம் மாதம் நியூமோனியா, பத்து நாள் வார்டில். இதற்கிடையில் உடம்பெல்லாம் திட்டுத் திட்டாகச் சிவந்து தோல் உரிந்தது. அம்மம்மா அதைக் கிரந்தி என்று முடிவுகட்டிக் கிரந்தி எண்ணெய் பூசினார். வளர்ச்சிப் பதிவேட்டில் நிறைக்கோடு இரண்டாம் மாதத்தோடு படுத்துவிட்டது. குடும்பநல உத்தியோகத்தர் அந்த இடத்தில் இரண்டு தடவை பேனையால் வட்டம் போட்டிருந்தார். ஐந்து மாதம் முடிந்தபோது 4.9 கிலோ.

மருத்துவரைச் சந்தேகப்பட வைத்தவை இரண்டு. ஒன்று, பிசிஜி போட்ட இடம். சாதாரணமாகச் சில கிழமைகளில் கொப்புளமாகி, உடைந்து, காய்ந்து தழும்பாகிவிடும். இவனுக்கு ஐந்து மாதத்திலும் ஈரமாகவே இருந்தது. இடது அக்குளில் நெல்லிக்காய் அளவுக்குக் கட்டி. மற்றது அம்மம்மா போகிற போக்கில் சொன்னது: “என்ட மூத்தவனும் இப்பிடித்தான் டொக்டர். எட்டு மாசத்தில சளி கட்டிப் போயிட்டான்.” மூத்தவன் என்றால் பிள்ளையின் தாய்மாமன். தாய்வழியில், ஆண் குழந்தை, முதல் வருடத்துக்குள் தொற்றால் சாவு. அம்மம்மா அன்று வாய் திறக்காமல் இருந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரிப் போயிருக்கும்.

எச்ஐவி பரிசோதனை தாய்க்கும் பிள்ளைக்கும் இல்லையென்று வந்திருந்தது. கிருமியை எதிர்க்கும் இரத்தப் புரதங்களில் ஐஜிஏ பிள்ளைக்கு அளவிடவே முடியாத அளவுக்குக் குறைவு. ஐஜிஎம் குறைவு. ஐஜிஜி இருந்த கொஞ்சமும் பிறக்கும்போது அம்மாவிடமிருந்து வாங்கி வந்தது, கரைந்துகொண்டிருந்தது.

முதல் ரிப்போர்ட்

எங்களிடம் வருவதற்கு மூன்று கிழமை முன் இன்னொரு ஆய்வுகூடத்தில் ஃப்ளோ செய்திருந்தார்கள். பெயர் தேவையில்லை. அவர்கள் எண்களில் பிழை எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நிணநீர்க்குழியங்கள், அதாவது டி, பி, என்கே என்ற மூன்று வகை வெண்குழியங்கள், ஒரு மைக்ரோலீட்டருக்கு 2900. அதில் சிடி3 என்ற அடையாளப் புரதம் உள்ளவை (டி-கலங்கள்) 22 சதவீதம், அதாவது ஏறத்தாழ 640. சிடி19 உள்ளவை (பி-கலங்கள்) 75 சதவீதம். சிடி16, சிடி56 உள்ளவை (என்கே கலங்கள்) 1 சதவீதம். பக்கத்தில் அச்சடித்திருந்த இயல்பு வரம்பு பெரியவர்களுடையது. அதன்படி பார்த்தால் 2900 அம்சமான எண். பெரியவர்களுக்கு சிடி3 கீழ் வரம்பு 700 அளவில் இருப்பதால் 640 என்பது ‘சற்றுக் குறைவு’. கீழே ஒரு வரி: அண்மைத் தொற்றின் விளைவாக இருக்கலாம், ஆறு கிழமையில் திரும்பச் செய்யவும்.

ஐந்து மாதக் குழந்தையின் இரத்தம் பெரியவர் இரத்தத்தின் சின்னப் பதிப்பு அல்ல. அந்த வயதில் டி-கலங்கள் மட்டுமே ஏறத்தாழ 2500 முதல் 5600 வரை இருக்க வேண்டும். நிணநீர்க்குழியம் மொத்தமும் 3000க்குக் கீழே வந்தால் கைக்குழந்தையில் அது அபாய மணி. 640 என்பது அந்தக் கீழ் வரம்பில் கால்வாசி அளவுதான். என்கே கலங்கள் 29 தான்.

சரி, வரம்பு தவறு. வரம்பைத் திருத்தினாலும் டி-கலம் ‘மிகக் குறைவு’ என்றுதான் வரும், ‘இல்லை’ என்று வராது. அந்த 640 கலங்களும் சிடி3 உள்ளவைதான். சிடி3 இருந்தால் அது டி-கலம். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. மருத்துவருக்கு மட்டும்தான் சந்தேகம்.

எண்களுக்குப் பின்னால்

இந்த ‘சிடி’ எண்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போனால் இரண்டாவது டியூபில் நடந்தது விளங்காது.

நுணுக்குக்காட்டியில் டி-கலமும் பி-கலமும் ஒரே மாதிரித்தான் தெரியும்: உருண்டைக் கரு, சுற்றிவர மெல்லிய நீல விளிம்பு. இரட்டைப் பிள்ளைகளை முகத்தால் பிரிக்க முடியாமல் சட்டையால் பிரிப்பது போல, இவற்றையும் மேலே போட்டிருக்கிற புரதத்தால்தான் பிரிக்க வேண்டும். ஆரம்பத்தில் அதற்கு இருந்த வழி விசித்திரமானது. செம்மறியாட்டின் செங்குழியங்களை மனித வெண்குழியங்களோடு கலந்துவிட்டால், டி-கலத்தைச் சுற்றி மட்டும் அவை பூவிதழ் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பூ பூத்தவற்றை எண்ண வேண்டியதுதான். ஆட்டுக் குழியம் பிடித்துக்கொண்டிருந்த புரதம் சிடி2 என்று பின்னாளில் தெரிந்தது.

1975இல் கேம்பிரிட்ஜில் கோலரும் மில்ஸ்டைனும் ஒரே வகைப் பிறபொருளெதிரியை, அதாவது ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியை, அளவில்லாமல் உண்டாக்கும் வழியைக் கண்டுபிடித்தார்கள். 1984இல் யெர்னேயோடு சேர்த்து நோபல் பரிசும் கிடைத்தது. அதற்கிடையில் கூத்து தொடங்கிவிட்டது. ஒவ்வொரு ஆய்வுகூடமும் தன் பிறபொருளெதிரிக்குத் தன் பெயர் வைத்தது. ஒருவர் ஓகேடி3 என்பார், இன்னொருவர் லியூ-4 என்பார், இரண்டும் பிடிப்பது ஒரே புரதத்தை. இதை ஒழுங்குபடுத்த 1982இல் பாரிஸில் கூடினார்கள். எந்தெந்தப் பிறபொருளெதிரிகள் ஒரே மாதிரிக் கலங்களை ஒரே மாதிரிப் பிடிக்கின்றனவோ அவற்றை ஒரு கூட்டமாக்கி எண் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தின் எண்தான் சிடி. இன்று 370ஐத் தாண்டிவிட்டது.

எண்ணுக்கும் தொழிலுக்கும் சம்பந்தமில்லை, வரிசையில் வந்ததற்குக் கிடைத்த எண், அவ்வளவுதான். சிடி45 எல்லா வெண்குழியத்திலும் உண்டு. சிடி3 டி-கலத்தில். அதற்குள் சிடி4 உதவிக் கலம், சிடி8 கொல்லும் கலம். சிடி19, சிடி20 பி-கலத்தில். சிடி3 இல்லாமல் சிடி56 இருந்தால் என்கே. சிடி14 மோனோசைட் என்ற இன்னொரு வெண்குழியத்தில். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இவ்வளவையும் ஒரு காலையில் சொல்லிக் கொடுத்துவிடுவேன். விதிவிலக்குகளுக்குத்தான் வருடங்கள் வேண்டும். சிடி4 மோனோசைட்டிலும் மெல்லிசாகத் தெரியும். சிடி8 என்கே கலத்திலும் தெரியும். சிடி5 டி-கலத்து மார்க்கர் என்று படித்துவிட்டு வருவார்கள், ஒரு வகை முதியோர் இரத்தப் புற்றில் அது பி-கலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். ரிட்டக்ஸிமாப் ஏற்றிய நோயாளியில் சிடி20 தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்புவார், ஏனென்றால் அந்த மருந்தே சிடி20ஐப் பிடித்துத்தான் வேலை செய்கிறது.

அதனால் ஒரு மார்க்கரை மட்டும் வைத்து யாரையும் நம்புவதில்லை என்பது எங்கள் பழக்கம். ஆனால் சிடி3ஐ நானும் நம்பித்தான் இருந்தேன்.

இரண்டாவது டியூப்

மறுநாள் காலை அப்பாவே கொண்டுவந்தார். பொரளைப் பக்கமிருந்து த்ரீவீலில், மருதானை நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று. ஊதா மூடி எடிடிஏ டியூப், ஒரு மில்லிலீட்டர்கூட இல்லை. ஐந்து கிலோ இல்லாத பிள்ளையிடம் அதற்கு மேல் கேட்கவும் முடியாது. கைலேஞ்சியில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருந்தார்.

“ஐஸில வைக்க வேணாம் எண்டு சொன்னாங்க மிஸ். அதான் பையில வைச்சனான்.”

அது போதும். குளிரில் வைத்த இரத்தத்தைவிடச் சட்டைப் பை எவ்வளவோ மேல். இந்த வேலைக்கு அறை வெப்பத்தில்தான் வேண்டும்.

இருந்த இரத்தத்தில் எத்தனை டியூப் போட முடியும் என்று கணக்குப் பார்த்தேன். முதல் டியூபில் முந்திய ஆய்வுகூடம் செய்த அதே மார்க்கர்கள். 50 மைக்ரோலீட்டர் இரத்தம், மேலே நிறம் ஒட்டிய பிறபொருளெதிரிகள், இருட்டில் கால் மணி நேரம். வெளிச்சம் பட்டால் நிறங்கள் வெளுத்துப் போகும். அப்புறம் செங்குழியங்களை உடைக்கும் கரைசல். சிவப்பாகக் கலங்கியிருந்தது கொஞ்ச நேரத்தில் தெளிந்து, தேத்தண்ணீர் நிறத்துக்கு வரும். அந்தத் தெளிவு வருவதை எத்தனை ஆயிரம் தடவை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எண்கள் அப்படியே வந்தன. சிடி3 23 சதவீதம், பி-கலம் 74, என்கே 1. முதல் ஆய்வுகூடம் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

இரண்டாவது டியூபில் கேள்வியை மாற்றினேன். டி-கலம் எத்தனை என்பதை விட்டுவிட்டு, இவை எப்படிப்பட்ட டி-கலங்கள் என்று கேட்டேன். அதற்கு சிடி45இன் இரண்டு வடிவங்கள் உதவும். ஒரே மரபணுவிலிருந்து வரும் அந்தப் புரதத்தைக் கலம் வெட்டி ஒட்டுகிற விதத்தில் நீள வடிவமும் குட்டை வடிவமும் உண்டாகின்றன. தைமஸ் சுரப்பியிலிருந்து புதிதாக வெளியே வந்த, இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத டி-கலம் சிடி45ஆர்ஏ என்ற நீள வடிவத்தைப் போட்டிருக்கும். ஒரு தடவை சண்டை பிடித்துப் பழகிய கலம் சிடி45ஆர்ஓ என்ற குட்டை வடிவத்துக்கு மாறிவிடும். முதலாவது பள்ளிக்கூடம் முடித்து வந்த புதுப் பிள்ளை, மற்றது வேலை பார்த்துக் கை காய்த்தவர்.

கைக்குழந்தையில் பெரும்பாலான டி-கலங்கள் புதியவையாகத்தான் இருக்க வேண்டும். பிறந்து ஐந்து மாதத்தில் எத்தனை சண்டை பிடித்திருக்க முடியும்? திரையில் அகலவாக்கில் ஆர்ஏ, உயரவாக்கில் ஆர்ஓ வைத்து ஒரு சுகமான குழந்தையின் டி-கலங்களைப் போட்டால் வலது கீழ்மூலையில் தேனீக்கூட்டம் மாதிரிப் புள்ளிகள் மொய்க்கும். இடது மேல்மூலையில் தூவினாற்போலக் கொஞ்சம் இருக்கும்.

இவனுடையது தலைகீழ். எல்லாப் புள்ளியும் இடது மேலே. 97 சதவீதம் ஆர்ஓ. வலது கீழ்மூலை கழுவித் துடைத்த மாதிரி.

முதலில் வந்த நினைப்பு, ஆர்ஏ ஊற்ற மறந்துவிட்டேனோ என்பதுதான். ஆளில்லாத மத்தியானம், பசி, ஒரு குப்பியை விட்டுவிடுவது நடக்காத காரியமில்லை. நல்ல வேளை, பதில் அதே டியூபில் இருந்தது. பி-கலங்களும் சிடி45ஆர்ஏ போடுபவைதான். சிடி19 உள்ளவற்றை மட்டும் பிரித்துப் பார்த்தேன். எல்லாம் வலது பக்கம், பளிச்சென்று. ஆக, நிறம் விழுந்திருக்கிறது. பி-கலத்தில் விழுந்தது டி-கலத்தில் விழவில்லை என்றால், அங்கே ஆர்ஏ இல்லை.

ஐந்து மாதப் பிள்ளையின் உடம்பில் முப்பது வயது ஆளின் டி-கலங்கள்.

அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் அது உவமையாக இல்லாமல் உண்மையாகவே இருக்கலாம் என்று உறைத்தது. மருத்துவருக்கு அழைப்பெடுத்தேன். பிள்ளையின் அம்மாவுக்கு என்ன வயது என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “முப்பத்தொண்டு. நீங்க நினைக்கிறதைத்தான் நானும் நினைக்கிறன்” என்றார்.

சிடி132

டி இல்லை, என்கே இல்லை, பி மட்டும் ஏராளம். அதுவும் ஆண் குழந்தை, தாய்மாமனுக்கும் அதே கதி. கடும் கூட்டு நிர்ப்பீடனக் குறைபாட்டில், அதாவது பிறவியிலேயே நோயெதிர்ப்புக் கலங்கள் உருவாகாத நோயில், இந்தச் சேர்க்கைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது எக்ஸ் நிறமூர்த்தத்திலுள்ள ஐஎல்2ஆர்ஜி மரபணு. இந்த நோய்க்கு அதுதான் காரணம் என்பது 1993இல் தெரியவந்தது. அமெரிக்காவில் ஹூஸ்டனில் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் 12 வருடம் வாழ்ந்து 1984இல் இறந்த டேவிட் வெட்டர் என்ற சிறுவனுக்கும் இதே நோய்தான்.

அந்த மரபணு உண்டாக்குகிற புரதத்துக்கும் ஒரு சிடி எண் உண்டு: சிடி132. இன்டர்லூக்கின் 2, 4, 7, 9, 15, 21 என்று ஆறு செய்திகளைக் கேட்கும் ஆறு காதுகளுக்கும் பொதுவான ஒரு துண்டு அது. இன்டர்லூக்கின் 7ஐக் கேட்காமல் டி-கலம் வளராது. 15ஐக் கேட்காமல் என்கே வளராது. பி-கலம் பிறக்க இவை தேவையில்லை, அதனால் எண்ணிக்கையில் குறைவிராது. ஆனால் 4ஐயும் 21ஐயும் கேட்காத, உதவ டி-கலமும் இல்லாத பி-கலம் உருப்படியாக எதையும் செய்யாது. 74 சதவீதம் பி-கலம் இருந்தும் ஐஜிஏ ஏன் இல்லை என்பதற்கு விளக்கம் இதுதான்.

சிடி132 இலேசில் பிடிபடாது. கலத்தின் மேல் எண்ணிக்கையில் கொஞ்சமாகத்தான் இருக்கும். மங்கலான நிறத்தில் போட்டால் இருப்பதும் இல்லாததும் ஒன்றுபோலத் தெரியும். பிஈ மாதிரிப் பிரகாசமான நிறம் வேண்டும், பக்கத்தில் ஒப்பிட ஒரு சுகமான ஆளின் இரத்தமும் வேண்டும். ஆய்வுகூடத்தில் சுகமான ஆள் என்றால் அன்று யார் ஊசிக்குப் பயப்படவில்லையோ அவர். அன்றைக்கு நான்தான். அம்மாவின் இரத்தமும் ஒரு டியூப் வந்திருந்தது.

என் இரத்தத்தில் டி, பி இரண்டிலும் சிடி132 மேடு வலது பக்கம் தள்ளி நின்றது, அதாவது புரதம் இருக்கிறது. அம்மாவுடையதிலும் அப்படியே. இந்த நோயைக் கடத்தும் பெண்களின் டி-கலங்கள் குறையில்லாத எக்ஸிலிருந்தே வளர்வதால் அவர்கள் சுகமாக இருப்பார்கள், ஃப்ளோவிலும் பிடிபட மாட்டார்கள்.

பிள்ளையின் டியூபில் பி-கலங்களைத் தனியே எடுத்தேன். மேடு இடது ஓரத்தில், எதுவும் ஊற்றாத டியூபின் மேட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. சிடி132 இல்லை. அப்புறம் அதே டியூபின் டி-கலங்களைத் திறந்தேன். மேடு வலது பக்கம். என்னுடையதைப் போலவே, அம்மாவுடையதைப் போலவே.

ஒரே டியூப், ஒரே நிறம், ஒரே நேரம். பி-கலத்தில் இல்லாத புரதம் டி-கலத்தில் இருக்கிறது. மரபணுவில் பிழை என்றால் இரண்டிலும் இருக்கக் கூடாது. பிழை இல்லை என்றால் இரண்டிலும் இருக்க வேண்டும். ஒரு டியூபில் இரண்டு பேருடைய கலங்கள் இருந்தால் மட்டுமே இந்தப் படம் வரும்.

நிணநீர்க்குழியங்களைப் பிரித்து நிறமூர்த்தப் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஏறத்தாழ ஐந்தில் ஒன்று எக்ஸ்-எக்ஸ், அதாவது பெண்ணின் கலம் என்று வந்தது. மற்றவை எக்ஸ்-வை. மார்பு எக்ஸ்ரேயில் தைமஸ் நிழலே இல்லை. அக்குள் கட்டியில் ஊசி போட்டு எடுத்ததில் அமிலத்துக்கு நிறம் விடாத கோல் கிருமிகள். தடுப்பூசியிலிருந்த, வலுக்குறைத்த கிருமிதான், தட்டிக் கேட்க ஆளில்லாத உடம்பில் பெருகியிருந்தது. மரபணுப் பரிசோதனை வெளிநாட்டுக்குப் போய் ஐந்து கிழமையில் திரும்பியது. ஐஎல்2ஆர்ஜி பிழை உறுதியானது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை.

அம்மாவின் கேள்வி

கர்ப்பத்தில் அம்மாவின் கலங்கள் கொஞ்சம் பிள்ளைக்குள் போவது அபூர்வமில்லை. சாதாரணக் குழந்தையின் டி-கலங்கள் அவற்றை அடையாளம் கண்டு ஒழித்துவிடும் அல்லது அடக்கிவைக்கும். இவனிடம் சொந்த டி-கலம் இல்லை. வந்தவை தங்கின, பெருகின. முதல் ஃப்ளோவில் 640 என்று எண்ணப்பட்டவை அவைதான்.

ஆய்வுகூடத்து ஆட்கள் பொதுவாக நோயாளியைச் சந்திப்பதில்லை. சந்திக்காமல் இருப்பதும் ஒருவித வசதி. ஆனால் மருத்துவர் விளக்கிய மறுநாள் அம்மா என்னைத் தேடி வந்தார். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருந்த வாங்கில் உட்கார்ந்தோம்.

“என்ட செல் அவனுக்குள்ள போனதாம். அது அவனைக் காப்பாத்தினதா, கெடுத்ததா மிஸ்?”

இதற்கு நான் தயாராக வரவில்லை. உண்மையைத்தான் சொன்னேன். பெரிதாகக் காப்பாற்றவில்லை. எண்ணிக்கையில் தெரிந்தாலும் அவற்றில் வகைகள் மிகக் குறைவு, புதிய கிருமிகளைப் பிடிக்கும் அளவுக்கு இல்லை. அந்தச் சிவந்த படைக்கு அவைதான் காரணமாக இருக்கலாம். அவனுடைய தோலை அவை அந்நியமாகப் பார்த்திருக்கின்றன. தோலில் எடுத்த துண்டும் அதையே காட்டியது. இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை என்றேன். அவர் தலையாட்டினார். நம்பினாரா தெரியாது. போகும்போது, “அப்ப அது கிரந்தி இல்லை, அம்மாட்டச் சொல்ல வேணும்” என்றார்.

சிகிச்சைப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், அது என் துறையல்ல. அடுத்த போலியோ சொட்டு மருந்து உட்பட உயிருள்ள தடுப்பூசி எல்லாம் நிறுத்தம். இரத்தம் ஏற்றினால் கதிர்வீச்சுப் பட்ட இரத்தம் மட்டும், இல்லாவிட்டால் கொடுப்பவரின் டி-கலங்களும் இதே வேலையைச் செய்யும், இதைவிட மோசமாக. மாதாமாதம் இமியூனோகுளோபுலின், அதாவது வெளியிலிருந்து ஏற்றும் பிறபொருளெதிரி. பிசிஜிக் கிருமிக்குக் காசநோய் மருந்துகள், ஆனால் பைராசினமைட் தவிர்த்து, அந்தக் கிருமி அதற்கு இயல்பிலேயே அடங்காது. பின்பு என்பு மச்சை (எலும்பு மஜ்ஜை) மாற்று. அக்காவின் திசுப்பொருத்தம் முழுதாக ஒத்துவந்தது. அப்படி ஒத்துவர நாலுக்கு ஒன்றுதான் வாய்ப்பு. கடன்பட்டு, கோயிலில் நேர்ந்து, சென்னைக்குப் போனார்கள். அப்போது அவனுக்கு எட்டு மாதம். மாமன் இறந்த அதே வயது என்பதை வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

வட அமெரிக்காவில் 2000 முதல் 2009 வரை இந்தக் குறைபாட்டுக்கு மாற்றுச் சிகிச்சை பெற்ற 240 குழந்தைகளின் கணக்கு ஒன்று 2014இல் வந்தது. மூன்றரை மாதத்துக்குள் சிகிச்சை பெற்றவர்களில் 94 சதவீதம் பேர் ஐந்து வருடத்துக்குப் பின்னும் உயிரோடு இருந்தார்கள். அதைத் தாண்டி, தொற்று அடங்காத நிலையில் பெற்றவர்களில் 50 சதவீதம். அந்த மூன்று கிழமைத் தாமதத்தை நினைக்கும்போதெல்லாம் இந்த இரண்டு எண்களும் எனக்கு ஞாபகம் வரும்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இதற்குப் பிறகு இரண்டு மாற்றம் செய்தோம். வயது இரண்டுக்குக் கீழே என்றால் கணினி பெரியவர் வரம்பை அச்சடிக்காது. கைக்குழந்தையின் இரத்தத்தில் சிடி3 எவ்வளவு வந்தாலும், யாரும் கேட்காவிட்டாலும், ஆர்ஏ/ஆர்ஓ டியூப் ஒன்று கூடவே போகும். செலவு கூடுதல்தான். கணக்குப் பிரிவோடு வருடத்துக்கு ஒரு தடவை இதற்குச் சண்டை போடுகிறேன்.

பின்வந்த டியூப்

மாற்றுச் சிகிச்சைக்கு ஒரு மாதத்தில் அக்குள் கட்டி திரும்ப வீங்கி எல்லாரையும் பயமுறுத்தியது. புதிதாக வந்த கலங்கள் பழைய கிருமியைக் கண்டுபிடித்துச் சண்டையைத் தொடங்கியதன் வீக்கம் அது. மெல்ல வடிந்தது.

ஏழு மாதம் கழித்துக் கொழும்பு திரும்பிய பின் ஒரு டியூப் வந்தது. சிடி3 மைக்ரோலீட்டருக்கு 1900. நிறமூர்த்தத்தில் டி-கலங்கள் மறுபடியும் எக்ஸ்-எக்ஸ். அந்த இரண்டு எழுத்தை மட்டும் பார்த்தால் பழைய ரிப்போர்ட்டுக்கும் இதற்கும் வித்தியாசமில்லை. ஆர்ஏ, ஆர்ஓ படத்தைத் திறந்தேன். வலது கீழ்மூலையில் தேனீக்கூட்டம். டி-கலங்களில் 62 சதவீதம் ஆர்ஏ. அக்காவின் மச்சையிலிருந்து வந்த மூலக்கலங்கள், இவனுடைய தைமஸுக்குள் போய், அங்கே புதிதாகப் படித்து வெளியே வந்தவை.

பி-கலங்களில் சிடி132 இன்னும் இடது ஓரத்திலேயே நிற்கிறது. அவை அவனுடைய பழைய கலங்களே. ஆகவே இமியூனோகுளோபுலின் நாலு கிழமைக்கு ஒரு தடவை தொடர்கிறது, எவ்வளவு காலத்துக்கு என்று ஒருவரும் சொல்லவில்லை.

ரிப்போர்ட் வாங்க அம்மாவும் அப்பாவும் சேர்ந்து வந்திருந்தார்கள். அம்மா பட்டியலை வாங்கிச் சிடி3 வரியில் விரலை வைத்தார்.

“இந்த முறை யார்ட மிஸ்?”

“அக்காட.”

அவர் அந்த வரியைத் திரும்ப ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்துக் கைப்பையில் வைத்தார். அப்பா வாசல்வரை போய்த் திரும்பி வந்து, “அடுத்த முறையும் ஐஸ் வேணாம்தானே?” என்று கேட்டுவிட்டுப் போனார்.